காழ்ப்பு என்ற சொல்லுக்கு ஒரு வாக்கியம்

அகராதி அலுவலகத்தில் அவருக்கு வாக்கியக்காரர் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் இருந்தது. அது சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருந்தது, வேறு யாருக்கும் தேவைப்படவில்லை. சொல்லுக்குப் பொருள் எழுத அங்கே நாலு பேர். பொருளுக்குக் கீழே, அந்தச் சொல்லை மனிதர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று காட்ட ஒரு வரி வரும் பாருங்கள், அதை எழுதுகிறவர் இவர் ஒருவர்தான். எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுக்கக்கூடாது, வீட்டிலும் தெருவிலும் பேசுகிற மாதிரி சொந்தமாக எழுத வேண்டும் என்பது அந்த அலுவலகத்துச் சட்டம். 'துவை' என்று கொடுத்தால் "அவன் துணி துவைத்தான்" என்று எவனும் எழுதிவிடுவான். இவர் "துவைத்த சட்டையையே மறுபடி துவைக்கப் போடுகிறாயே, கண் இல்லையா?" என்று எழுதுவார். படித்தால் பக்கத்து வீட்டுச் சண்டை காதில் விழும். கெட்டிக்காரர், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

இரண்டாவது மாடியில் நீளமான கூடம். சுவரெல்லாம் இரும்பு அலமாரி. தண்ணீர்க் குழாயை ஒட்டி இவர் மேசை, எதிரே கண்ணாடிக் கதவு போட்ட ஆசிரியர் அறை. ஒரு சொல்லுக்கு ஒரு தாள். ஐம்பது தாள் சேர்ந்தால் நாடா போட்டுக் கட்டி ஆசிரியர் அறைக்கு அனுப்ப வேண்டும். ஆசிரியர் படித்துப் பார்த்து, பச்சை மையில் ஒரு 'சரி' அடையாளம் போட்டால் அச்சுக்குப் போகும், போடாவிட்டால் திரும்பி வரும். பள்ளி அகராதி, கையகராதி, பெரிய அகராதி, அப்புறம் அதற்குத் திருத்திய பதிப்பு என்று ஒன்று முடிந்தால் ஒன்று. ஒரே சொல் நாலு தடவை மேசைக்கு வந்து போகும்.

கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஆசிரியர் வேறு யாருமில்லை, இவருடைய தங்கை புருஷன்.

அந்தக் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. இரண்டு பேரும் படிக்கிற காலத்திலிருந்து ஒரே அறையில் பாய் போட்டுப் படுத்தவர்கள். இவர்தான் அந்த நண்பரை அலுவலகத்துக்குக் கூட்டி வந்தார். இவர்தான் பிடிவாதம் பிடித்துத் தன் ஒரே தங்கையைக் கட்டிக் கொடுத்தார். அப்புறம் 'மாப்பிள்ளை', 'மச்சான்' என்று ஒரே மேசையில் சாப்பாட்டு டப்பாவைப் பிரித்துக்கொண்டு, ஒருத்தர் தட்டிலிருந்து ஒருத்தர் எடுத்துத் தின்றுகொண்டு, கூடத்தில் மற்றவர்கள் வயிறெரிகிற மாதிரி இருந்தார்கள். பழைய ஆசிரியர் விலகினார். அடுத்து வாக்கியக்காரர்தான் என்று அலுவலகம் முழுக்கப் பேச்சு. இவரும் நம்பினார், இவர் மனைவி இரண்டு புதுச் சட்டைகூட எடுத்து வைத்துவிட்டாள். நிர்வாகம் மாப்பிள்ளையைப் போட்டது. அறிவிப்புப் பலகையில் ஒட்டிய தாளைப் பார்த்துத்தான் இவருக்கே தெரியும்.

உள்ளதைச் சொன்னால், இவர் அந்த நாற்காலிக்கு லாயக்கில்லை. ஒரு சொல்லைக் கையில் எடுத்தால் மூன்று வாரம் மென்றுகொண்டிருப்பார். மாப்பிள்ளை எதையும் குறித்த தேதிக்குள் முடிக்கிறவர். ஆனால் இதை யார் இவரிடம் போய்ச் சொல்வது?

அன்றைக்கு மாப்பிள்ளையே மேசைக்கு வந்து நின்றார். "மச்சான், சத்தியமா நான் கேக்கல. கூப்பிட்டுச் சொன்னாங்க."

"கூப்பிட்டுச் சொன்னா வேண்டாம்னு சொல்ல வாய் இல்லயா?" என்றார் இவர்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு பத்தொன்பது வருஷம் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பத்தடி தூரத்தில், ஒரு கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக, பத்தொன்பது வருஷம்! அந்த முகத்தைப் பார்க்கக்கூடாது என்று மேசையைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். பேர் சொல்ல வேண்டி வந்தால் 'நாற்காலி' என்பார். "இந்தக் கட்டை நாற்காலிகிட்ட குடுத்துடுங்க."

அந்த வாரமே தங்கை வீட்டுக்கு வந்தாள். சமையலறை வாசலில் நின்றுகொண்டு, சின்ன வயசிலிருந்து பேசுகிற மாதிரியே பேசினாள். "அண்ணா, நீ அவர்கூடப் பேசாட்டிப் போ. உங்க ஆபீஸ் சண்டை எனக்கு எதுக்கு? என்கூடப் பேசு."

"உன் புருஷன் அந்த நாற்காலியில இருக்கற வரைக்கும் உன் வீட்டுப் பக்கம் வர மாட்டேன். நீயும் இங்க வராத."

அவள் சிரித்தாள். "எத்தன நாளைக்கு? உன் கோபத்த எனக்குத் தெரியாதா? பத்தாம் நாள் வந்து காபி போடுன்னு நிப்பே, பாரு."

பத்தாம் நாள் போனால் அவமானம் என்று போகவில்லை. ஒரு மாதம் ஆனதும், இத்தனை நாள் போகாமல் இப்போது போனால் இன்னும் அவமானம் என்று போகவில்லை. அப்புறம் வருஷங்கள் தாமாகவே அந்த வேலையைப் பார்த்துக்கொண்டன. எட்டாம் வருஷம் அம்மா போனாள். தங்கை வந்து இரண்டு நாள் அந்த வீட்டில் இருந்தாள். இவர் நாற்காலி வாடகைக்குக் கொண்டுவந்தவனோடு பேசினார், வண்டிக்காரனோடு பேசினார், அவளோடு பேசவில்லை. கிளம்பும்போது அவள் வந்து கையைத் தொட்டாள். இவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பாவி மனிதர்.

தங்கை வேண்டாம் என்றா இருந்தார்? அதுதான் இல்லை. அவள் குடியிருந்த தெருமுனையில் பேருந்தை விட்டு இறங்கி, மூன்றாம் மாடிக் கொடியில் காய்கிற துணியைப் பார்த்துவிட்டு, அடுத்த பேருந்து பிடிப்பார். விடுமுறை நாளில் காலை ஒன்பது மணிக்கே வெளியே போகிற சட்டையைப் போட்டுக்கொண்டு செய்தித்தாளும் கையுமாக உட்காருவார். மனைவிக்குப் புரியாதா? "போறதுன்னா போய்த் தொலைங்க. சட்டைய மாட்டிக்கிட்டு எனக்கு வேடிக்கை காட்டாதீங்க," என்பாள். மத்தியானம் சட்டையைக் கழற்றிவிடுவார்.

இந்த வேதனையெல்லாம் ஒரு பக்கம் இருக்க, மேசையில் அவர் செய்த காரியம் வேறு. ஆசிரியர் படித்தே ஆக வேண்டிய தாள்கள் அல்லவா? 'கூச்சம்' என்ற சொல் வந்தது. "அடுத்தவன் இடத்தில் போய் உட்காரக் கூச்சமாக இல்லையா?" என்று எழுதினார். 'சிரி' வந்தது. "முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இடத்தைப் பிடித்துவிட்டான்." 'நம்பு' வந்தது. "நம்பி வீட்டுக்குள் விட்டேன், பெண்ணையும் கொடுத்தேன்." 'உப்பு'க்கு "என் வீட்டு உப்பைத் தின்றவன்தான் அவன்." எல்லாவற்றுக்கும் பச்சை மையில் 'சரி' விழுந்து வந்தது. அகராதி அச்சாகி ஊரெல்லாம் விற்றது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அவருடைய மாப்பிள்ளை செய்த துரோகத்தை அகர வரிசையில் படித்தார்கள். கூடத்தில் இருந்தவர்களுக்கு ஒவ்வொரு கட்டும் தொடர்கதை மாதிரி, இவர் கட்டி வைத்த நாடாவை ரகசியமாக அவிழ்த்துப் பார்த்துச் சிரிப்பார்கள்.

ஒரு நாளாவது மாப்பிள்ளை கதவைத் திறந்துகொண்டு வந்து "என்னய்யா இது?" என்று கத்துவார் என்று இவர் எதிர்பார்த்தார். கத்தினால் திருப்பிக் கத்தலாம், கத்திய பிறகு ஒருவேளை பேசலாம். 'சரி'தான் வந்தது. "சுரணை கெட்ட ஜென்மம்," என்று முணுமுணுத்துவிட்டு அடுத்த கட்டில் இன்னும் காரமாக எழுதுவார். அம்மா போன வருஷம் 'உறவு' என்ற சொல் மேசைக்கு வந்தது. "அம்மா போனதோடு அந்த உறவும் போயிற்று," என்று எழுதி அனுப்பினார். இது தங்கையைப் பற்றியது என்று எந்த மடையனுக்கும் புரியும். அதற்கும் 'சரி' வந்தபோது மட்டும், இதற்குமா என்று அந்தப் பச்சை அடையாளத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கட்டை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டார்.

பத்தொன்பதாம் வருஷக் கடைசியில் மாப்பிள்ளைக்கு ஓய்வு வந்தது. நாற்காலி காலியாகப் போகிறது! அந்த நாற்காலியில் இருக்கிற வரைக்கும் என்றுதானே சொன்னோம், இனி போனால் சொன்ன சொல் மாறியவன் ஆக மாட்டோமே என்று இவர் உள்ளுக்குள் கணக்குப் போட்டார். எத்தனை மாதமாகப் போட்ட கணக்கோ. அலுவலகத்தில் வழியனுப்பு விழா நடந்த சாயங்காலம் அலமாரிகளுக்கு நடுவே போய் நின்றுகொண்டு ஏதோ தேடுகிற மாதிரி பாவனை செய்தார், ஆனால் மனசுக்குள் ஒரு குதிப்பு. "வர விடுமுறைக்கு ஒரு எடம் போகணும்," என்று வீட்டில் சொன்னார். "எங்க?" என்று மனைவி கேட்கவில்லை. சட்டையை இஸ்திரி போட்டு வைத்தாள்.

அந்த விழாவுக்கு ஒரு வாரம் முன்னால்தான் திருத்திய பதிப்பில் 'கா' வரிசை நடந்துகொண்டிருந்தது. 'காழ்ப்பு' என்ற சொல் வந்தது.

பொருள் எழுதுகிறவர்கள் அதை வைத்துக்கொண்டு இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். வெறுப்பு என்று போட்டால் போதவில்லை, பகை என்று போட்டால் பொருந்தவில்லை. கடைசியில் இவரிடம் வந்தார்கள். இவருக்கு இந்த மாதிரி சந்தர்ப்பம் கிடைத்தால் விடுவாரா? "கோபம் வரும், போகும். பகைக்கு ரெண்டு பேர் வேணும். பொறாமை அடுத்தவன் கையில இருக்கறதப் பாத்து வர்றது. வஞ்சம் சமயம் பாத்துக் காத்திருக்கும். காழ்ப்புக்கு இதெல்லாம் ஒண்ணும் வேணாம். அது பாட்டுக்கு உள்ள கிடந்து கசந்துக்கிட்டே இருக்கும்," என்று விளக்கினார். செய்தித்தாளில் அது படுகிற பாட்டையும் சொன்னார். எதிர்க்கட்சிக்காரர் வீட்டுக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றாலும் அரசியல் காழ்ப்புணர்ச்சிதானாம். இன்னொன்றும் கவனித்துச் சொன்னார். "அவனுக்கு என் மேல காழ்ப்புன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. எனக்கு அவன் மேல காழ்ப்புன்னு ஒருத்தனும் சொல்லி நான் கேட்டதில்ல." அவர்கள் 'ஒருவர் மேல் நெடுங்காலமாக மனத்தில் ஊறிப்போன கசப்பான வெறுப்பு' என்று பொருள் எழுதிக்கொண்டு நிம்மதியாகப் போனார்கள்.

இவர் வாக்கியம் எழுதினார். "தனக்கு வர வேண்டிய இடத்தைப் பறித்தவன் மேல் அவனுக்குத் தீராத காழ்ப்பு." எழுதும்போது சந்தோஷமாகக்கூட இருந்தது. கடைசித் தடவை, போகட்டும், என்று நினைத்துக்கொண்டார்.

விழா முடிந்த மறுநாள் அந்தக் கடைசிக் கட்டு திரும்பி வந்தது. மாப்பிள்ளை வீட்டிலேயே பார்த்து முடித்து அனுப்பியிருந்தார். கணினியில் தட்டெழுதுகிற அம்மாள் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். இவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். சரி, சரி, சரி. 'காழ்ப்பு' தாளில் 'சரி' இல்லை. பச்சை மையில் இரண்டே வரி இருந்தது: 'பொருந்தவில்லை. இது காழ்ப்பு இல்லை.'

அது மாப்பிள்ளையின் எழுத்து இல்லை. அந்த 'ழ'வின் வாலைக் கீழ்க்கோடு வரைக்கும் இழுத்து விடுகிற கையை இவருக்குத் தெரியும். தங்கையின் பள்ளிக்கூடத்து நோட்டுகளுக்கு அட்டை போட்டுக் கொடுத்தவரே இவர்தான்.

தாளை எடுத்துக்கொண்டு தட்டெழுதுகிற அம்மாளிடம் போனார். "இது யார் எழுத்து?"

அவள் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். "உங்க தங்கச்சி எழுத்துதான் சார்."

"அவ எதுக்கு இதுல எழுதறா?"

"சார், அவங்கதான எல்லாத்தையும் படிக்கறாங்க. ஆசிரியருக்குத்தான் தாள்ல எழுத்தே தெரியாதே. கண் நரம்பு போய்ப் பதினாலு வருஷம் ஆச்சு. தெனமும் கட்ட வீட்டுக்குக் கொண்டுபோவாரு, அவங்க படிச்சுக் காட்டுவாங்க, இவர் சரின்னா அவங்க 'சரி' போடுவாங்க. இப்ப ரெண்டு வருஷமா ஆள் உருவம்கூடத் தெரியல." அவள் தயங்கினாள். "உங்களுக்கு நெஜமாவே தெரியாதா?"

"யாரும் சொல்லலயே."

"சொல்லக் கூடாதுன்னு அவர் ஒண்ணும் சொல்லல சார். நாங்களாத்தான் உங்ககிட்ட சொல்லல. தெரிஞ்சா நீங்க மேல எழுதிப் போட்டு அவர் வேலைக்கு உலை வச்சிடுவீங்கன்னு பயம்."

அவர் தன் மேசைக்கு வந்து உட்கார்ந்தார். அந்த அம்மாள் சொன்னது பொய் என்று சொல்ல முடியவில்லை. தெரிந்திருந்தால் எழுதிப் போட்டிருப்பார், அது அவருக்கே தெரிந்தது. ஒரு 'சரி' அடையாளத்தில் யார் கையெழுத்து என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பதினாலு வருஷம். ஒவ்வொரு சாயங்காலமும் அவள் நாடாவை அவிழ்த்து, இவர் எழுதியதைத் தன் வாயால், தன் புருஷனுக்கு, சத்தமாகப் படித்திருக்கிறாள். 'நம்பு', 'உப்பு', 'கூச்சம்'. இவர் யாரைக் குத்துவதாக நினைத்துக்கொண்டு குத்தினாரோ, அவர் மேல் அது படவே இல்லையா, பட்டதெல்லாம் அவள் மேலேயா? 'உறவு'ம் அதில் ஒன்று.

அவருக்குத் தெரிந்தது ஒரே வேலைதான். புதுத் தாள் எடுத்து, காழ்ப்புக்கு வேறு வாக்கியம் எழுத உட்கார்ந்தார். மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஒன்று எழுதிக்கொண்டுபோய் அவள் கையில் கொடுக்கலாம் என்று எண்ணம். "காழ்ப்பு மனிதனைக் கெடுக்கும்" என்று எழுதினார். பள்ளிக்கூடத்துச் சுவரில் எழுதுகிற மாதிரி இருந்தது, கிழித்தார். "உன் மேல் எனக்குக் காழ்ப்பு இல்லை, உன் புருஷன்தான்" என்று ஆரம்பித்து, அடச்சீ என்று அதையும் கிழித்தார். மத்தியானத்துக்குள் ஏழு தாள் போயிற்று. எந்த வாக்கியத்தை எடுத்தாலும் கடைசியில் பழி அடுத்தவன் தலையில்தான் போய் விழுந்தது. ஐந்து மணிக்கு வெறுங்கையோடு கிளம்பிவிட்டார்.

மூன்று மாடி ஏறி மூச்சிரைத்துக்கொண்டு நின்றபோது தங்கைதான் கதவைத் திறந்தாள். காதோரமெல்லாம் நரைத்திருந்தது. கழுத்தில் கண்ணாடி தொங்கிக்கொண்டிருந்தது. அவள் திடுக்கிடவும் இல்லை, முகம் மாறவும் இல்லை.

"வாங்க. உள்ள வந்து உக்காருங்க," என்றாள்.

அவள் வாயிலிருந்து இவர் 'வாங்க' கேட்டதே இல்லை. யாரோ விலாசம் விசாரித்து வந்தவரைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டாள். அண்ணா என்று சொல்லவில்லை.

"யாரு வந்திருக்கறது?" என்று ஜன்னலோரத்திலிருந்து குரல்.

"உங்க மச்சான்."

மாப்பிள்ளை எழுந்த வேகத்தில் பக்கத்திலிருந்த முக்காலி உருண்டது. இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, வேறு பக்கம் பார்த்து நின்றார். "மச்சான்! நான் சொன்னேனா இல்லயா? நாற்காலி காலியான மறுநாளே வருவார்னு சொன்னேனா இல்லயா?"

வாக்கியக்காரர் போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்த பிறகு மாப்பிள்ளை விடவில்லை. பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டு, பத்தொன்பது வருஷத்துப் பேச்சையும் ஒரே மூச்சில் பேசினார். "கண்ணு போனா என்ன மச்சான், காது இருக்கே. உங்க வாக்கியம் ஒண்ணு விடாம கேட்டிருக்கேன். மொத அஞ்சு வருஷம் நானே படிச்சேன், யப்பா, என்ன காரம்! இருந்தாலும் வாக்கியம் நல்லா இருந்தா சரி போட்டுத்தான ஆகணும்? அதுல மச்சான் என்ன, மாமன் என்ன? ஆனா அதுக்கப்புறம் மெல்ல மெல்ல மாறினீங்க பாருங்க, அதுதான் பெருசு."

"மாறினேனா?"

"பின்ன? 'கூச்சம்'னு ஒண்ணு. 'மன்னிப்புக் கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது, நீயே வந்து பேசிவிடேன்.' அன்னைக்கு நான் அழுதுட்டேன் மச்சான், இவகிட்ட கேளுங்க. அப்புறம் அந்த 'உப்பு'. 'ஒரே தட்டில் உப்புப் போட்டுத் தின்றவர்களுக்குள் என்ன சண்டை?' நம்ம டப்பாவத்தான எழுதினீங்க? அத்தை போனப்ப எழுதினீங்களே, 'அம்மா போனாலும் உறவு போகுமா?' எனக்கு மனப்பாடம்."

வாக்கியக்காரர் நிமிர்ந்து தங்கையைப் பார்த்தார். அவள் உருண்ட முக்காலியை நிமிர்த்தி, அதன் மேல் காபி டம்ளரை வைத்துக்கொண்டிருந்தாள். இவர் பக்கம் திரும்பவில்லை.

"வாயால பேச வீம்பு, எழுத்துல எல்லாத்தையும் சொல்லிட்டீங்க," என்று மாப்பிள்ளை சிரித்தார். "எத்தன தடவ எந்திரிச்சு உங்க மேசைக்கு வந்துடலாம்னு பாத்திருக்கேன் தெரியுமா? இவதான் விடல. அவரா வரட்டும், அவசரப்பட்டா கெட்டுப்போயிடும்னு சொல்லியே தடுத்துட்டா. சரி, சொல்லுங்க, அதெல்லாம் எனக்காகத்தான எழுதினீங்க?"

"ஆமா மாப்பிள்ளை," என்றார் வாக்கியக்காரர். பத்தொன்பது வருஷம் கழித்து அவரிடம் பேசிய முதல் பேச்சு, அதுவும் பொய்.

"கடைசிக் கட்டுல காழ்ப்புன்னு ஒரு சொல் இருந்ததே, அதுக்கு என்ன எழுதினீங்க? இவ தலைவலின்னு அதோட நிறுத்திட்டா."

ஆயிரக்கணக்கான சொற்களுக்கு வாக்கியம் எழுதிய மனிதர் முக்காலியிலிருந்த காபி டம்ளரை எடுத்துத் திரும்ப வைத்தார். "இன்னும் எழுதல மாப்பிள்ளை," என்றார்.

அரை மணி நேரம் இருந்திருப்பார். என்ன பேசினார், என்ன கேட்டார் என்று அவருக்கே நினைவில்லை. கிளம்பியபோது தங்கை கூடவே வெளியே வந்து, கதவைப் பாதி சாத்திவிட்டு, படிக்கட்டு ஓரமாக நின்றாள்.

"எல்லாத்தையும் நீயா மாத்தி…" என்றார் இவர்.

"கண்ணு போன மனுஷன்கிட்ட அத எப்படிப் படிக்கறது? மொத கட்டுலயே நாக்கு வரல. அவருக்கு ஒண்ண சொல்லி, சரி வாங்கிட்டு, நீங்க எழுதினதுக்குப் போட்டேன். தாள்ல மாத்தி எழுதினா என் கையெழுத்து உங்களுக்குத் தெரிஞ்சுடும், நீங்க மேல எழுதிப் போட்டா அவர் வேலை போயிடும்." கணக்குப்பிள்ளை சொல்கிற மாதிரி ஒரே சீராகச் சொன்னாள். "ஆனா ஒவ்வொரு கட்ட அவுக்கறப்பவும் தேடுவேன். எனக்குன்னு ஒண்ணு, ஒரே ஒரு வாக்கியம், எங்கயாவது எழுதியிருப்பீங்கன்னு. வேணும்னு வேணாம், தவறிப்போயாவது. 'உறவு' வந்ததே, அதுக்கும் என் கையாலதான் 'சரி' போட்டேன். அதோட தேடறத விட்டுட்டேன்."

"தெரியாமப் பண்ணிட்டேன்மா. என்ன நாலு வார்த்தை திட்டு. அடிச்சாக்கூடப் பரவாயில்ல."

"கோபம் இருந்தா திட்டலாம். கோபமெல்லாம் அப்பவே போயிடுச்சு." அவள் இப்போதுதான் இவர் முகத்தை நேராகப் பார்த்தாள். "உங்களுக்கு இருந்தது வீம்பு. எழுதி எழுதி ஆத்திக்கிட்டீங்க, ஊரே படிச்சுச் சிரிச்சுது, உங்களுக்கும் கொஞ்சம் குளுந்துது. அதப் போய்க் காழ்ப்புன்னு எழுதியிருந்தீங்க, அதான் பொருந்தலன்னு போட்டேன். எனக்குத்தான் உங்க மேல காழ்ப்பு. அத எழுதவும் இல்ல, யார்கிட்டயும் வாயத் திறந்து சொன்னதும் இல்ல. அவர்கிட்ட உங்களப் பத்தி நல்லது நல்லதா படிச்சுக்கிட்டே உள்ள வச்சிருந்தேன். இப்ப அது போற மாதிரி தெரியல. போகணும்னு நெனச்சும் பாத்துட்டேன்."

இவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். கண்ணீர் வந்தது, துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. "நான் தெனமும் வரேன். உக்காந்து மாப்பிள்ளைக்குப் படிச்சுக் காட்டறேன். போகப் போகச் சரியாயிடும்."

"வேணாம். இனிமே வராதீங்க." குரலை இன்னும் தணித்துக்கொண்டாள். "வந்தா என்னைக்காவது வாய் தவறி உண்மையச் சொல்லிடுவீங்க. அவருக்குக் கண்ணும் போச்சு, வேலையும் போச்சு. அந்த மச்சான் ஒருத்தர்தான் அவருக்கு மிச்சம். அவர் ரொம்ப நல்லவர். அவர நான் பாத்துக்கறேன்."

உள்ளேயிருந்து மாப்பிள்ளை கூப்பிட்டார். "என்ன, அண்ணனும் தங்கச்சியும் அங்கயே நின்னு பேசறீங்க? மச்சான நாளைக்கும் வரச் சொன்னியா?"

"சொல்லிட்டேன்," என்று தங்கை அந்தப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். "வரேன்னு சொல்லியிருக்கார்."

சொல்லிவிட்டு, அவர் படி இறங்குவதற்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.